செல்மாவிலிருந்து ரியோ கிராண்டே வரை

ஆலபாமா மாநிலத்துச் செல்மாவிலிருந்து தலைநகர் மான்ட்கோமரிக்குப் போகும் 80ஆம் எண் சாலை, ஊரைத் தாண்டும் இடத்தில் எட்மண்ட் பெட்டஸ் பாலத்தில் ஏறி இறங்குகிறது. வாக்குரிமை கேட்டு நடந்துவந்த கறுப்பின மக்களை 1965 மார்ச் 7 அன்று மாநிலக் காவலர்கள் தடியாலும் கண்ணீர்ப்புகையாலும் விரட்டியடித்த பாலம் அது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் லவுண்டஸ் கவுண்டி தொடங்குகிறது. பார்வைக்குப் பெரிதாக ஒன்றுமில்லை: மேய்ச்சல் நிலம், பைன் தோட்டங்கள், செங்கல் தேவாலயங்கள், சாலையிலிருந்து தள்ளித் தள்ளி டிரெய்லர் வீடுகள். அந்த வீடுகள் பலவற்றின் பின்புறத்தில் கழிவுநீர் திறந்தவெளியில் தேங்கி நிற்பது இந்தக் கவுண்டியின் தீராத துயரம். அதற்கு வறுமையோடு மண்ணும் காரணம். ஏறத்தாழ 8 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அதன் நுண்ணுயிர்கள் படிந்து சுண்ணப்பாறையாயின. அதன்மேல் உருவான களிமண்ணில் தண்ணீர் இறங்காது; சாதாரண செப்டிக் டேங்க் வேலைக்கு ஆகாது. ஆனால் அந்தக் கரிய மண்ணில் பருத்தி செழித்தது. பருத்திக்காக அடிமைகள் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்கள்தான் இன்றும் இங்கே பெரும்பான்மை. அவர்கள் ஜனநாயகக் கட்சிக்கு வாக்களிக்கிறார்கள். எனவே, குடியரசுக் கட்சியின் சிவப்பு பரவிக் கிடக்கும் ஆலபாமாவின் தேர்தல் வரைபடத்தில், அழிந்துபோன அந்தக் கடலின் கரையோரமாக ஒரு நீலப் பட்டை ஓடுகிறது.

கேட்க அழகான கதை. கடல்வாழ் உயிர்கள் அமெரிக்க அதிபரைத் தேர்ந்தெடுக்கின்றன என்று வேடிக்கையாகச் சொல்லவும் வசதியானது. ஆனால் இடையில் ஒரு படி விடுபட்டிருக்கிறது. 1965 தொடங்கியபோது லவுண்டஸ் மக்களில் ஐந்தில் நான்கு பேர் கறுப்பினத்தவர். வாக்காளர் பட்டியலில் அவர்களில் ஒருவர் பெயர்கூட இல்லை. வெள்ளையர் பக்கத்திலோ, வாக்களிக்கும் வயதில் இருந்தவர்களைவிடப் பட்டியலில் இருந்த பெயர்கள் அதிகம். செத்தவர்களும் ஊரைவிட்டுப் போனவர்களும் அங்கே தொடர்ந்து வாழ்ந்துகொண்டிருந்தார்கள். 1964 அதிபர் தேர்தலில் குடிமை உரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்ட ஜான்சனின் பெயர் ஆலபாமா வாக்குச்சீட்டில் அச்சாகவே இல்லை. அந்தச் சட்டத்தை எதிர்த்த குடியரசுக் கட்சியின் கோல்ட்வாட்டர் மாநிலத்தை அள்ளிச் சென்றார். பக்கத்து மிசிசிப்பியின் ஹோம்ஸ் கவுண்டியில் அவருக்கு 96 சதவீதத்துக்கும் மேல் விழுந்தது. அதே ஹோம்ஸில் இன்று ஐந்தில் நான்கு பங்கு வாக்கு ஜனநாயகக் கட்சிக்குப் போகிறது. மண் மாறவில்லை. மக்கள்தொகையில் கறுப்பினத்தவரின் பெரும்பான்மையும் மாறவில்லை. 1965 ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டம் வந்தது, மத்திய அரசின் பதிவாளர்கள் வந்து உட்கார்ந்தார்கள், பட்டியல் மாறியது. பெயர் பதிந்த குற்றத்துக்காகப் பண்ணைகளிலிருந்து துரத்தப்பட்ட குடும்பங்கள் இதே 80ஆம் எண் சாலையோரம் கூடாரம் போட்டு வாழ்ந்த இடத்தில் இப்போது ஒரு நினைவுக் காட்சியகம் இருக்கிறது. கறுப்பினத்தவர் மிகுந்த கவுண்டிகளில்தான் வெள்ளையர் அரசியல் மிகக் கடுமையாக இருக்கும் என்று அரசியல் ஆய்வாளர் வி. ஓ. கீ 1949இலேயே எழுதிவிட்டார். மண் ஒரே மண்தான். பட்டியலை யார் கையில் வைத்திருந்தார்கள் என்பதைப் பொறுத்து இருவேறு தீர்ப்புகள் அதிலிருந்து வந்தன.

இந்தப் பயணம் நெடுக நான் நிறுவ முயல்வது இதைத்தான். கவுண்டி வரைபடத்தின் வண்ணங்களை மண்ணின் குணம் என்றோ மக்களின் இயல்பு என்றோ படிப்பது தவறு. மனிதருக்கும் வாக்குப்பெட்டிக்கும் இடையில் நிற்கும் அமைப்புகளின் தடம் அவை. பதிவாளர், தேவாலயம், தொழிற்சங்கம், கவுண்டி அலுவலகத்துப் பெரியவர்கள், உள்ளூர்ப் பத்திரிகை என்று அந்த அமைப்புகள் பலவகை. அவை உயிரோடு இருந்தவரை ஒவ்வொரு கவுண்டியும் தன் வழியில் வாக்களித்தது. அவை தேய்ந்த இடங்களில், ஆயிரம் மைல் தள்ளியிருக்கும் தன்னையொத்த கவுண்டியைப் போலவே வாக்களிக்கத் தொடங்கிவிட்டது.

அதற்கு முன் ஒரு தடையைக் கடக்க வேண்டும். கவுண்டி என்ற அலகை ஏன் பொருட்படுத்த வேண்டும்? அதிபரைத் தேர்ந்தெடுப்பது மாநிலவாரியான தேர்வாளர் குழு அல்லவா? கேள்வி நியாயமானது. மேலும் இந்த வரைபடம் நன்றாக ஏமாற்றக்கூடியது. நாட்டில் 3,100க்கும் மேற்பட்ட கவுண்டிகள் உள்ளன. டெக்சஸின் லவிங் கவுண்டியில் 2020 கணக்கெடுப்பின்படி 64 பேர். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் ஏறத்தாழ 1 கோடி. 2020இல் பைடன் வென்றவை 500க்குச் சற்று மேல், டிரம்ப் வென்றவை 2,500க்கு மேல். ஆனாலும் பைடனுக்கு 70 லட்சம் வாக்குகள் அதிகம். இன்னொரு வேடிக்கை: நீலத்தில் மூழ்கிக் கிடக்கும் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் அந்த ஆண்டு டிரம்புக்கு விழுந்த வாக்கு 11 லட்சத்துக்கும் மேல். சிவப்பின் கோட்டை எனப்படும் மேற்கு வர்ஜீனியா மாநிலம் முழுவதும் அவருக்குக் கிடைத்ததைப் போல அது இரண்டு மடங்கு. வண்ணத்தைப் பார்த்து மனிதரை எண்ணினால் இப்படித்தான் தவறும். இருந்தும் கவுண்டியை விட முடியாததற்குக் காரணங்கள் உண்டு. நாடாளுமன்றத் தொகுதிகளின் எல்லையைப் பத்தாண்டுக்கு ஒருமுறை வெட்டி ஒட்டுகிறார்கள். கவுண்டி எல்லைகளில் பெரும்பாலானவை நூறு ஆண்டுகளாக அசையவில்லை. பாட்டன் வாக்கையும் பேரன் வாக்கையும் ஒரே வேலிக்குள் வைத்து ஒப்பிட வேறு அலகு இல்லை. அதோடு பெரும்பாலான மாநிலங்களில் வாக்காளரைப் பதிவதும் வாக்குச்சாவடி நடத்துவதும் எண்ணுவதும் கவுண்டிதான். நம் வட்டத்துக்கும் மாவட்டத்துக்கும் இடைப்பட்ட அளவிலான ஓர் எல்லைக்குள், ஷெரீப் முதல் எழுத்தர் வரை மக்களே தேர்ந்தெடுத்த அதிகாரிகள் அமர்ந்திருக்கும் அரசு அது.

செல்மாவிலிருந்து வடக்கே போனால் நிலம் மேடாகிறது. வழியில் பர்மிங்ஹாமை ஒட்டிய செல்வச் செழிப்பான புறநகர்ப் பகுதி ஷெல்பி கவுண்டி. இது தொடுத்த வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 2013இல் வாக்குரிமைச் சட்டத்தின் முதுகெலும்பாக இருந்த ஒரு பிரிவைச் செல்லாததாக்கியது. எந்தெந்தப் பகுதிகள் தேர்தல் விதிகளை மாற்றுமுன் மத்திய அரசின் முன் அனுமதி பெற வேண்டும் என்று வரையறுத்த பிரிவு அது. லவுண்டஸில் பட்டியலைத் திறந்த சட்டத்தின் கதை இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான தொலைவில் இன்னொரு கவுண்டியின் மனுவில் வந்து முட்டியது. அதையும் தாண்டி, குன்றுகளும் காடும் சூழ்ந்த வின்ஸ்டன் கவுண்டியின் தலைமை ஊரான டபுள் ஸ்பிரிங்ஸில், நீதிமன்றக் கட்டடத்தின் முன்னால் ஒரு சிப்பாய் சிலை நிற்கிறது. உடலின் ஒரு பாதி அமெரிக்க உள்நாட்டுப் போரின் வடக்குப் படைச் சீருடை, மறுபாதி தெற்குப் படையின் சீருடை. பருத்தி விளையாத, அடிமைகள் மிகச் சிலரே இருந்த மலைக்காடு இது. 1861இல் ஆலபாமா பிரிவினைக்குத் தீர்மானம் போட்டபோது இந்தக் கவுண்டி அனுப்பிய இளம் பள்ளி ஆசிரியர் கிறிஸ்டோபர் ஷீட்ஸ் கையெழுத்திட மறுத்துச் சிறைக்குப் போனார். அன்றைக்கு வந்த கோபத்தில் லிங்கனின் குடியரசுக் கட்சியோடு ஒட்டிக்கொண்டது வின்ஸ்டன். சுற்றிலும் இருந்த வெள்ளையர் கவுண்டிகள் நூறாண்டு காலம் ஜனநாயகக் கட்சியின் கோட்டைகளாக இருந்தபோது, கடலின் நடுவே தீவாகத் தனித்து நின்றது.

இன்று வின்ஸ்டனில் நூற்றுக்குத் தொண்ணூறு வாக்கு குடியரசுக் கட்சிக்கு. ஆனால் அக்கம்பக்கத்து பிளவுன்ட்டிலும் கல்மனிலும் ஏறத்தாழ அதே கணக்குதான். 1960களில் ஜனநாயகக் கட்சி குடிமை உரிமைகளின் பக்கம் திரும்ப, தெற்கத்திய வெள்ளையர் படிப்படியாக எதிர்ப்பக்கம் போனார்கள். 1976இல் ஜிம்மி கார்ட்டரை ஆதரித்ததே ஆலபாமா மாநிலம் ஜனநாயகக் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுத்த கடைசி முறை. வின்ஸ்டன் தன் இடத்தைவிட்டு அசையவில்லை. மற்றவர்கள் வந்து சேர்ந்துகொண்டார்கள். பிரிவினையை எதிர்த்தவர்களின் பேரன்களும் பிரிவினைக்காகச் செத்தவர்களின் பேரன்களும் ஒரே கட்சிக்கு வாக்களிக்கிறார்கள். சிலையில் மட்டும் இரண்டு சீருடை இருக்கிறது. வரைபடத்தை மட்டும் பார்க்கும் ஒருவர் வின்ஸ்டனுக்கு இப்படியொரு கதை இருந்ததை ஊகிக்கவே முடியாது.

கென்டக்கியின் கிழக்கு மலைகளில் இதே கதை மறுபுறத்திலிருந்து நடந்தது. எலியட் கவுண்டியில் 7,000 பேர் அளவில் வாழ்கிறார்கள். ஏறக்குறைய எல்லாரும் வெள்ளையர். தலைமை ஊர் சாண்டி ஹூக், கன்ட்ரி இசைப் பாடகர் கீத் விட்லி வளர்ந்த ஊர். புகையிலை போட்ட சரிவுகள், ஒற்றைத் தெரு, மாநிலச் சிறை ஒன்று. 1869இல் உருவான இந்தக் கவுண்டி 1872 முதல் 2012 வரை ஓர் அதிபர் தேர்தலில்கூட ஜனநாயகக் கட்சியைக் கைவிடவில்லை. நாட்டில் வேறெந்தக் கவுண்டிக்கும் இவ்வளவு நீண்ட விசுவாசம் கிடையாது. இதே மலைத்தொடரில் தென்மேற்கே ஜாக்சன் கவுண்டி. அதுவும் ஏழ்மையானது, வெள்ளையர் வாழ்வது, புகையிலை பயிரிட்டது. ஆனால் உள்நாட்டுப் போரில் வடக்கின் பக்கம் நின்றதால் அன்று பிடித்த குடியரசுக் கட்சியை இன்றுவரை விடவில்லை. எலியட்டின் சாய்வுக்குப் போர்க்காலத் தெற்கத்திய உறவுகளே காரணம் என்பது வழக்கமான விளக்கம். ஒரே வருமானம், ஒரே நிறம், ஒரே மதம். ஆனால் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு எதிரெதிர் வாக்கு. வருமானமும் நிறமும்தான் வாக்கைத் தீர்மானிக்கும் என்பவர்கள் இந்த இரண்டு கவுண்டிகளையும் விளக்கிவிட்டு மேலே பேசட்டும்.

இத்தனை காலம் அந்தப் பழக்கத்தை உயிரோடு வைத்திருந்தது நினைவு மட்டுமாக இருக்க முடியாது. 1930இல் வாழ்ந்தவருக்கு 1863இன் கோபம் பாட்டன் சொன்ன கதை. 1990இல் வாழ்ந்தவருக்கு அதுவும் இல்லை. வைத்திருந்தது கவுண்டி அலுவலகம். சிறை அதிகாரியைக்கூட மக்களே தேர்ந்தெடுக்கும் மாநிலம் கென்டக்கி. எலியட்டில் ஷெரீப் யார், நீதிபதி யார், எழுத்தர் யார் என்பதெல்லாம் ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலிலேயே முடிந்துவிடும். கட்சியில் பதிந்தவர்களுக்கு மட்டும்தான் அதில் வாக்கு. ஆகவே சாலை போட, வேலை கேட்க, வழக்கைப் பேசித் தீர்க்க ஆள் வேண்டும் என்றால் ஜனநாயகக் கட்சிக்காரராகப் பதிந்துதான் ஆக வேண்டும். அந்தச் சங்கிலியின் கடைசி வளையம்தான் நான்காண்டுக்கு ஒருமுறை அதிபருக்குப் போடும் வாக்கு. 2008இல் ஒபாமாவுக்கு இங்கே 61 சதவீதம். 2012இல் மயிரிழையில் முந்தினார். 2016இல் டிரம்புக்கு 70 சதவீதம், அடுத்த முறை இன்னும் அதிகம். ஜாக்சனில் அவருக்கு ஏறத்தாழ 90. எட்டே ஆண்டுகளில் எலியட் அந்த நூற்று நாற்பது ஆண்டு வேறுபாட்டைத் தொலைத்துவிட்டது. பட்டியலில் ஜனநாயகக் கட்சிக்காரர்களே பெரும்பான்மையாக இருந்தபோதே இது நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். உள்ளூர்ச் சங்கிலி அறுந்தபின்னும் ஏட்டில் பெயர் தங்கிவிடுகிறது.

எல்லையைக் கடந்தால் மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிப் பள்ளத்தாக்குகள். மிங்கோ கவுண்டியின் மேட்வானில், பழைய கட்டடம் ஒன்றின் செங்கல் சுவரில் 1920 மே 19 அன்று பாய்ந்த குண்டுகளின் துளைகளைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். சங்கத்தில் சேர்ந்த தொழிலாளர்களை வீட்டைவிட்டு வெளியேற்ற வந்த கம்பெனி ஆட்களுக்கும் ஊர்க்காவல் தலைவர் சிட் ஹேட்ஃபீல்டின் ஆட்களுக்கும் நடந்த சண்டையில் 10 பேர் செத்தார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மெக்டவல் கவுண்டியின் வெல்ச் நகர நீதிமன்றப் படிக்கட்டில் ஹேட்ஃபீல்டைச் சுட்டுக்கொன்றார்கள். அந்தக் கட்டடமும் படிகளும் அப்படியே இருக்கின்றன. அதையொட்டி ஆயிரக்கணக்கான சுரங்கத் தொழிலாளர்கள் துப்பாக்கியோடு, கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை கட்டி, பிளேர் மலையை நோக்கி நடந்தார்கள். சிவப்பு என்றாலே தோழர்கள் நினைவுக்கு வரும் நமக்கு, இதே பள்ளத்தாக்குகள் இன்று வேறு காரணத்துக்காகச் சிவந்திருப்பது விசித்திரமாகத்தான் இருக்கும். 1930களில் ரூஸ்வெல்ட் ஆட்சியின் சட்டங்களால் சங்கம் வேரூன்றியது. கூலி, ஓய்வூதியம், மருத்துவமனை எல்லாம் சங்கத்தின் வழியாக வந்தன. தேர்தல் நாளில் யாருக்குப் போடுவது என்பதும் சங்கத்தின் வழியாகவே வந்தது. வெல்ச் நகரில் 1941இல் நகராட்சியே கட்டித் திறந்த வாகன நிறுத்தக் கட்டடம் உண்டு. நாட்டிலேயே அவ்வகையில் அதுதான் முதலாவது. கார் நிறுத்த இடமில்லாமல் மாடி கட்டிய ஊரின் கடைவீதியில் இன்று பூட்டிய கதவுகள்தான் வரிசையாக நிற்கின்றன. 1950இல் ஏறத்தாழ 1 லட்சம் பேர் வாழ்ந்த மெக்டவலில் 2020இல் 20,000 பேர்கூட இல்லை.

ஏழ்மைதான் வாக்கைப் புரட்டியது என்று இங்கே வந்து நிற்கும் எல்லாருக்கும் தோன்றும். பத்திரிகையாளர்கள் கூட்டம் கூட்டமாக வந்து அப்படித்தான் எழுதிவிட்டுப் போனார்கள். ஆனால் காலக்கணக்கு ஒத்துவரவில்லை. சுரங்கத்தில் இயந்திரங்கள் நுழைந்து ஆட்களை வெளியேற்றியது 1950களில். கென்னடி ஆட்சியின் உணவுச் சீட்டுத் திட்டம் 1961இல் முதன்முதலாகத் தொடங்கியதே மெக்டவலில்தான்; அவ்வளவு வறுமை அன்றே இருந்தது. 1990க்குள் மூன்றில் இரண்டு பங்கு மக்கள் வெளியேறிவிட்டார்கள். இத்தனைக்கும் பிறகு 2008இல்கூட மெக்டவல் ஒபாமாவைத் தேர்ந்தெடுத்தது. அரை நூற்றாண்டு வறுமை செய்யாததை அடுத்த நான்கு ஆண்டுகள் செய்தன: 2012இல் குடியரசுக் கட்சியின் ராம்னிக்கு 64 சதவீதம். நிறவெறியே காரணம் என்பது இரண்டாவது விடை. அதில் உண்மை இல்லாமல் இல்லை. மேற்கு வர்ஜீனியாவின் 2012 ஜனநாயக உட்கட்சித் தேர்தலில் டெக்சஸ் சிறையிலிருந்த கைதி ஒருவர் ஒபாமாவை எதிர்த்து 41 சதவீதம் வாங்கினார். ஆனால் 2008இலும் 2012இலும் நின்றது அதே ஒபாமாதான், அதே நிறம்தான். இடையில் மாறியது, நிலக்கரிக்கு எதிரி எந்தக் கட்சி என்று நாடு தழுவிய பிரசாரம் முடிவுசெய்தது. அதைக் கேட்டு மறுத்துப் பேச ஊரில் சங்கம் மிச்சமில்லை. மாநிலம் முழுவதும் 1 லட்சத்துக்கும் மேல் இருந்த சுரங்கத் தொழிலாளர்கள் பல மடங்கு குறைந்திருந்தார்கள். மிச்சமிருந்த சுரங்கங்களில் பலவற்றில் சங்கமே இல்லை. வேலை போனது முதலில். வேலையின் அமைப்பு போனது பிறகு. வாக்கு இரண்டாவதோடுதான் போனது.

ஒஹையோவைக் கடந்து இந்தியானாவின் மேற்கு ஓரத்துக்கு வந்தால் வாபாஷ் ஆற்றங்கரையில் டெர்ரே ஹோட், விகோ கவுண்டியின் தலைமை ஊர். ஐந்து முறை சோஷலிஸ்ட் வேட்பாளராக அதிபர் தேர்தலில் நின்ற யூஜின் டெப்ஸின் வீடு இங்கே காட்சியகமாக இருக்கிறது. 1920இல் அட்லாண்டா சிறையில் இருந்தபடியே போட்டியிட்டு 9 லட்சத்துக்கும் மேல் வாக்கு பெற்றவர் அவர். ஊருக்குப் புகழ் தந்த விஷயம் வேறு. 1888 முதல் 2016 வரை, 1908ஐயும் 1952ஐயும் தவிர, நாடு யாரைத் தேர்ந்தெடுத்ததோ அவரையே விகோவும் தேர்ந்தெடுத்தது. இதற்காகவே தேர்தல்தோறும் தொலைக்காட்சிக்காரர்கள் வந்து இறங்குவார்கள். உணவகத்தில் நாலு பேரைக் கேட்டுவிட்டு நாட்டின் நாடியைப் பிடித்ததாகச் சொல்வார்கள். 2020இல் விகோ டிரம்பைத் தேர்ந்தெடுத்துத் தவறியது. அதைப் போலவே 1980 முதல் தவறாமல் ஜெயித்தவரின் பக்கம் நின்ற 19 கவுண்டிகளில் 18 அந்த ஆண்டு தோற்றன. மிஞ்சிய ஒரே கவுண்டி, வாஷிங்டன் மாநிலத்துக் கடலோர கிளாலம், 2024இல் தவறியது. ஜோசியம் பொய்த்ததைப் பற்றி நமக்குக் கவலையில்லை. அந்த நாடியில் ஒரு காலத்தில் பொருள் இருந்தது என்பதே முக்கியம். விகோவில் ஆலைத் தொழிலாளரும் விவசாயியும் கல்லூரி ஆசிரியரும் கத்தோலிக்கரும் மெதடிஸ்ட்டுகளும் கலந்து வாழ்ந்தார்கள். ஒவ்வொரு குழுவும் தன்தன் அமைப்பின் வழியே ஒவ்வொரு பக்கம் இழுத்ததால் சமநிலை தங்கியது. அந்த இழுபறி ஓய்ந்ததும் விகோ, கல்லூரிப் பட்டதாரிகள் குறைந்த மற்றொரு மத்திய மேற்குக் கவுண்டியாக ஆகிவிட்டது.

ஐயோவாவின் வடகிழக்கு மூலையில் ஹோவர்ட் கவுண்டி. சோளமும் சோயாவும் அடிவானம் வரைக்கும். இதன் தலைமை ஊரான கிரெஸ்கோவுக்கு அருகே ஒரு பண்ணையில்தான் 1914இல் நார்மன் போர்லாக் பிறந்தார். கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதனின் முயற்சியால் 1963இல் இந்தியா வந்து நம் பசுமைப் புரட்சிக்கு விதை தந்தவர். அவர் ஊர் தேர்தல் ஆய்வாளர்களிடம் வேறொன்றுக்காகப் பேர்பெற்றது. 2012இல் ஒபாமாவை 20 புள்ளிக்கும் மேல், 2016இல் டிரம்பை 20 புள்ளிக்கும் மேல் வெல்லவைத்த ஒரே கவுண்டி நாட்டிலேயே இதுதான். ஒபாமாவை இருமுறையும் டிரம்பை 2016இலும் தேர்ந்தெடுத்த கவுண்டிகள் 206. அவற்றில் 31 ஐயோவாவில் இருக்கின்றன. 1980களில் கடனில் பண்ணைகள் ஏலம் போனபோது விவசாயிகள் அமைப்புகளும் தேவாலயங்களும் சேர்ந்து எழுப்பிய கோபம் இந்த மாநிலத்தை ஜனநாயகக் கட்சியின் பக்கம் தள்ளியது. 1988இல் நாடே ஜனநாயகக் கட்சி வேட்பாளர் டுகாகிஸைத் தோற்கடிக்க, ஐயோவா அவருக்கு 10 புள்ளி முன்னிலை தந்தது. அந்தத் தலைமுறை ஓய்ந்தபோது வாக்கும் ஓய்ந்தது.

இந்த இடத்தில் வலுவான ஒரு மறுப்பு வரும். அமைப்பு, நினைவு என்றெல்லாம் எதற்குச் சுற்ற வேண்டும்? 2016க்குப் பிறகு எந்தக் கவுண்டி எப்படி வாக்களிக்கும் என்பதைப் பட்டதாரிகளின் விகிதத்தையும் மக்கள் நெருக்கத்தையும் வைத்தே பெருமளவு சொல்லிவிடலாமே? 1936க்குப் பிறகு முதன்முறையாகக் கலிஃபோர்னியாவின் ஆரஞ்ச் கவுண்டி 2016இல் ஜனநாயகக் கட்சிக்குத் திரும்பியதும் அதனால்தானே? சொல்லலாம்தான். ஆனால் ஹோவர்டில் 2012க்கும் 2016க்கும் இடையில் பட்டதாரிகளின் விகிதம் தலைகீழாகிவிடவில்லை. எலியட்டில் எப்போதுமே பட்டதாரிகள் சொற்பம். பட்டம் இல்லாதவர்கள் அங்கே நூற்று நாற்பது ஆண்டுகள் வேறு கட்சிக்கு வாக்களித்தார்கள். ஆக, படிப்பு இன்று முன்னறிவிக்கிறது என்பதே விளக்கப்பட வேண்டிய செய்தி. தவிர, பட்டதாரிகள் குறைந்த கவுண்டி டிரம்பை ஆதரித்தது என்பதிலிருந்து அங்குள்ள தனிமனிதர் ஒவ்வொருவரைப் பற்றியும் முடிவுக்கு வர முடியாது. வெளிநாட்டில் பிறந்தவர்கள் மிகுந்த மாநிலங்களில் எழுத்தறிவு அதிகம், ஆனால் வெளிநாட்டில் பிறந்த தனிமனிதர்களிடம் எழுத்தறிவு குறைவு என்று 1950இல் டபிள்யூ. எஸ். ராபின்சன் காட்டிய முரண் புள்ளியியல் மாணவர்களுக்குப் பாலபாடம். தேர்தல் இரவுப் பேச்சாளர்களுக்கு அது இன்னும் எட்டவில்லை.

மக்கள் தம்மையொத்தவர்கள் வாழும் இடத்துக்குக் குடிபெயர்ந்ததே எல்லாவற்றுக்கும் காரணம் என்பது இன்னொரு வாதம். 1976இல் 20 புள்ளிக்கு மேல் ஒருபக்கம் சாய்ந்த கவுண்டிகளில் வாழ்ந்தவர்கள் நாட்டில் கால்வாசி, 2004இல் ஏறக்குறைய பாதி என்று பில் பிஷப் 2008இல் எழுதிய நூல் இந்த வாதத்தைப் பரப்பியது. பெருநகரங்களுக்கும் புறநகர்களுக்கும் இது ஓரளவு பொருந்தும். இந்தப் பயணத்தின் ஊர்களுக்குப் பொருந்தாது. எலியட்டுக்கு டிரம்ப் ஆதரவாளர்கள் படையெடுத்து வரவில்லை. மெக்டவலுக்கு யாருமே வரவில்லை. இருந்தவர்களே மாறினார்கள். 2005க்குப் பிறகு நாட்டில் 3,000க்கும் மேற்பட்ட செய்தித்தாள்கள் மூடப்பட்டுவிட்டன. அவற்றில் மிகப் பல, கவுண்டிச் செய்தியையும் சாவு அறிவிப்பையும் பள்ளிக்கூட விளையாட்டையும் தாங்கிவந்த வாரப் பத்திரிகைகள். ஊரைப் பற்றிப் பேச ஊர்க்குரல் இல்லாதபோது, வாஷிங்டனைப் பற்றிப் பேசும் தொலைக்காட்சியே ஊர்க்குரலாகிவிடும்.

ஐயோவாவை வடக்கு தெற்காகப் பிளந்து போகும் 35ஆம் எண் நெடுஞ்சாலை டெக்சஸின் லரேடோவில், மெக்சிகோ எல்லையில் போய் முடிகிறது. அங்கிருந்து ரியோ கிராண்டே ஆற்றை ஒட்டி 83ஆம் எண் சாலையில் இறங்கினால் முதலில் ஸபாட்டா கவுண்டி, அடுத்து ஸ்டார் கவுண்டி. முள்மரக் காடு, ஆட்டுப் பண்ணை, எல்லைக் காவல்படையின் வெள்ளை வண்டிகள், ஸ்பானிய மொழியில் கடைப்பலகைகள். ஸ்டாரில் வாழும் ஏறத்தாழ 66,000 பேரில் 97 சதவீதம் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். இந்தப் பகுதியின் அரசியலைப் பண்ணை முதலாளிகளான பத்ரோன்கள் தலைமுறை தலைமுறையாக நடத்தினார்கள். வேலையும் உதவியும் அவர்கள் தருவார்கள், வாக்கு அவர்கள் சொன்ன இடத்தில் விழும். அது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு, வடகிழக்கே ஜிம் வெல்ஸ் கவுண்டியின் 13ஆம் எண் பெட்டி சாட்சி. 1948 செனட் உட்கட்சித் தேர்தலில் அந்தப் பெட்டியில் கடைசியாகச் சேர்ந்த 202 பெயர்கள் ஒரே மையில், அகரவரிசையில் இருந்தன. லிண்டன் ஜான்சன் மாநில அளவில் 87 வாக்கில் வென்றார். பின்னாளில் வாக்குரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டவரும் அவரே. அமைப்புகளை நான் போற்றிப் பாடுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். லவுண்டஸின் பதிவாளரும் அமைப்புதான், இந்தப் பத்ரோனும் அமைப்புதான். கொடுமையானதும் நேர்மையானதுமாக இரண்டு வகையும் ஒரு காரியத்தைச் செய்தன: வாக்கை ஊரோடு கட்டிப் போட்டன.

பத்ரோன்கள் மறைந்த பின்னும் கூலிக்கு வீடுவீடாகப் போய் வாக்குச் சேகரிக்கும் பொலிட்டிகேரா பெண்கள் அந்தக் கட்டைக் காத்துவந்தார்கள். 1892க்குப் பிறகு 2020 வரை ஸ்டார் எந்த அதிபர் தேர்தலிலும் குடியரசுக் கட்சியைத் தேர்ந்தெடுத்ததில்லை. 2012இல் ஒபாமாவுக்கு 86 சதவீதம், 2016இல் கிளின்டனுக்கு 79. பிறகு 2020. தொற்றுக்காலம் என்று ஜனநாயகக் கட்சியினர் வீட்டுக்கு வீடு போவதை நிறுத்தினார்கள், எதிர்க்கட்சியினர் நிறுத்தவில்லை. பைடன் 52 சதவீதத்தில் தப்பினார். பக்கத்து ஸபாட்டாவோ 1920க்குப் பிறகு முதன்முறையாகக் கைமாறியது. 2024இல் ஸ்டாரும் போனது. டிரம்புக்கு ஏறத்தாழ 58. வீட்டுக்கு வீடு போகாததே முழுக் காரணம் என்று சொல்ல மாட்டேன். 2024இல் போனார்கள், அப்போதும் சரிவு நிற்கவில்லை. விலைவாசியும் எல்லையும் எண்ணெய் வயல் வேலையும் அங்கே பேசப்பட்டன. ஆனால் கென்டக்கி மலையின் வெள்ளையர் ஊரும் ரியோ கிராண்டே கரையின் மெக்சிகோ வம்சாவளி ஊரும் எட்டாண்டு இடைவெளியில் ஒரே திசையில் நகர்ந்திருக்கின்றன என்றால், நிறத்தை மட்டும் வைத்து அதை விளக்கும் வழி எனக்குத் தெரியவில்லை.

லவுண்டஸும் அதன் அண்டைக் கவுண்டிகளும் மட்டும் ஏன் நீலமாகவே நீடிக்கின்றன என்று கேட்கலாம். கறுப்பினத் தேவாலயம் அங்கே இன்னும் திறந்திருக்கிறது, பாலத்தைக் கடந்தவர்களின் பிள்ளைகள் அதில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைத் தவிர எனக்கு வேறு விடை தோன்றவில்லை. மற்ற இடங்களிலும் உள்ளூர்ப் பிடி அடியோடு அற்றுவிட்டதாகச் சொல்ல முடியாது. அதிபர் தேர்தலில் தளர்ந்துபோன அந்தப் பிடி, நேரில் தெரிந்த வேட்பாளர் நிற்கும் வரிசையில் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஸ்டார் கவுண்டி அடங்கிய டெக்சஸின் 28ஆவது நாடாளுமன்றத் தொகுதியில் 2024 நவம்பரில் அதிபர் வாக்குகளில் டிரம்ப் முந்தினார். அதே வாக்குச்சீட்டில் அந்தத் தொகுதியின் உறுப்பினராக மறுபடியும் தேர்ந்தெடுக்கப்பட்டவர், லரேடோக்காரரான ஜனநாயகக் கட்சியின் ஹென்றி குவெல்லார்.